19 யூரோ டிக்கெட்: ரயன்ஏர் எப்படிப் பிழைக்கிறது, அதில் நாம் எப்படிப் பிழைப்பது

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இதுதான். ஜெர்மனியில் முதுகலை படிக்கிறீர்கள். மே மாதம் அப்பாவும் அம்மாவும் ஊரிலிருந்து வருகிறார்கள். இத்தாலியின் மிலானுக்கு ரயன்ஏர் என்ற மலிவு விமான நிறுவனத்தில் ஆளுக்கு 19 யூரோ என்று காட்டுகிறது. விமான நிலையத்துக்கு டாக்ஸி வைத்தாலே அதைவிடக் கூட ஆகும். இந்த விலைக்கு ஒரு விமானத்தை எப்படி ஓட்ட முடியும், இதில் எங்கே ஏமாற்று இருக்கிறது, பெரியவர்களை நம்பிக் கூட்டிக்கொண்டு போகலாமா?

தாராளமாகப் போகலாம். பல வருடங்களாக இந்த மலிவு விமானங்களில் போய் வந்துகொண்டிருக்கிறேன். ஏமாற்று என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஏர் இந்தியாவிலோ எமிரேட்ஸிலோ ஏறிப் பழகியவர் அதே பழக்கத்தோடு இங்கே வந்தால், 19 யூரோ டிக்கெட் 100 யூரோவாக முடியும்.

நம் ஊர் ஹோட்டலில் இரண்டு இட்லி கேட்டால் சாம்பாரும் மூன்று சட்னியும் தானாக வந்து விழும், வாளியோடு மறுபடியும் வருவார்கள். ரயன்ஏர் இட்லிக்கு மட்டும் விலை சொல்லும் கடை. சட்னிக்குத் தனிக் காசு, சாம்பாருக்குத் தனிக் காசு, ஜன்னலோர மேஜைக்குத் தனிக் காசு. வெறும் இட்லி போதும் என்பவருக்கு இதைவிட மலிவான கடை ஐரோப்பாவில் இல்லை.

முதலில் கணக்கு. 2025 மார்ச்சில் முடிந்த நிதியாண்டில் ரயன்ஏர் குழுமம் ஏற்றிச் சென்ற பயணிகள் 20 கோடி. ஐரோப்பாவில் வேறு எந்த விமான நிறுவனமும் அதுவரை ஓராண்டில் தொடாத எண்ணிக்கை. சராசரி டிக்கெட் விலை சுமார் 46 யூரோ. அதற்கு மேல் பை, இருக்கைத் தேர்வு, முன்னுரிமை, காபி, சாண்ட்விச் என்று தலைக்குச் சுமார் 23 யூரோ. ஆக மொத்த வருமானத்தில் மூன்றில் ஒரு பங்கு டிக்கெட்டுக்கு வெளியிலிருந்து வருகிறது. எல்லாச் செலவும் போக ஒரு பயணியிடம் மிஞ்சிய லாபம் ஏறக்குறைய 8 யூரோ. அவ்வளவுதான். அந்த எட்டை 20 கோடியால் பெருக்கினால் 160 கோடி யூரோ.

உங்களுக்குக் காட்டிய 19 யூரோ சராசரிக்குக் கீழே இருக்கிறது. விமானம் காலியாக இருக்கும்போது முதலில் விற்கும் சில இருக்கைகளின் விலை அது. நிரம்ப நிரம்ப விலை ஏறும். கடைசி நாளில் அவசரத்துக்கு வாங்குகிறவர் அதே வரிசையில் பக்கத்து இருக்கைக்கு 150 யூரோ கொடுத்திருப்பார். இந்த நிறுவனத்துக்கு ஒவ்வொரு டிக்கெட்டிலும் லாபம் வந்தாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. இருக்கை காலியாகப் பறக்கக் கூடாது, அது மட்டும்தான் கட்டாயம். நூற்றுக்கு 94 இருக்கை நிரம்பித்தான் பறக்கிறது. நீங்கள் 19 யூரோவுக்கு உட்கார்ந்தாலும் பை போடுவீர்கள், காபி குடிப்பீர்கள் என்று அவர்களுக்குத் தெரியும்.

சரி, வருமானம் இது. செலவை எப்படிக் குறைக்கிறார்கள் என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது. அதற்கு 25 நிமிடம் என்ற ஒரே எண்ணைப் பிடித்துக்கொண்டால் போதும்.

விமானம் வந்து நின்றதிலிருந்து, ஆட்களை இறக்கி, மறுபடி ஏற்றி, நகரத் தொடங்கும் வரைக்கும் அவர்கள் வைத்திருக்கும் கெடு 25 நிமிடம். விமானம் தரையில் நின்றால் செலவு, பறந்தால் வரவு. ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு தடவை போக இரண்டு மணி நேரம், தரையில் 25 நிமிடம் என்றால் காலை 6 மணிக்குக் கிளம்பிய விமானம் ஆறு தடவை பறந்து இரவு 8 மணி வாக்கில் வீடு திரும்பிவிடும். அதே ஆறு தடவைக்கு, தரையில் ஒவ்வொரு முறையும் ஒரு மணி நேரம் நின்றால், இரவு 11 ஆகிவிடும். ஊழியர்களின் வேலை நேர வரம்பும் இரவு நேரத் தடைகளும் அதற்கு இடம் கொடுக்காது, நான்கு தடவையோடு நிறுத்த வேண்டியதுதான். 189 இருக்கை விமானத்தில் இரண்டு தடவை குறைந்தால் ஒரே நாளில் 378 இருக்கை போச்சு. கோயம்புத்தூர்ப் பக்கம் தனியார் பஸ்காரர்கள் ஒரு நிமிடத்துக்காக டைம் கீப்பரோடு சண்டை போடுவதைப் பார்த்திருப்பீர்கள். அதே சண்டைதான், பஸ்ஸுக்குப் பதில் போயிங்.

அந்த 25 நிமிடம் எப்படி நடக்கிறது என்பதை ஜன்னலோரம் உட்கார்ந்து கவனித்தால் நல்ல வேடிக்கை. விமானம் நின்றதும் முன்கதவுக்கு அடியிலிருந்து, விமானத்தின் வயிற்றுக்குள்ளிருந்தே, ஒரு படிக்கட்டு மடிப்புப் பிரிந்து இறங்கும். ஏணி வண்டிக்காகக் காத்திருக்க வேண்டாம், கண்ணாடிக் குழாய்ப் பாலத்துக்கு வாடகை கொடுக்க வேண்டாம். பின்கதவுக்கு ஒரு படியைத் தள்ளிக்கொண்டு வருவார்கள். இரண்டு பக்கமும் ஆட்கள் இறங்குவார்கள். குப்பையை, விமானம் இறங்குவதற்கு முன்பே, காபி விற்ற அதே ஊழியர்கள் பையோடு வந்து வாங்கிக்கொண்டு போயிருப்பார்கள். தனியாகத் துப்புரவுப் படை ஏறாது. முன் இருக்கையின் முதுகில் பத்திரிகை செருகும் பை கிடையாது. பை இருந்தால்தானே அதில் வாழைப்பழத் தோலும் டிஷ்யூவும் சேரும், அதை யாராவது எடுக்க வேண்டும்? அதனால்தான் பாதுகாப்பு அட்டையை உங்கள் முகத்துக்கு நேரே இருக்கை முதுகிலேயே ஒட்டியிருக்கிறார்கள். இருக்கை பின்னால் சாயாது. சாயும் பொறி இருந்தால் அது கெடும், கெட்டால் ஒருவர் வந்து பழுது பார்க்க வேண்டும். சாப்பாட்டுப் பெட்டிகளை ஏற்றி இறக்கும் வண்டி ஒவ்வொரு ஊரிலும் வராது.

இதற்குள் கேட்டில் அடுத்த கூட்டத்தின் போர்டிங் பாஸைப் பார்த்து முடித்து, படியிலோ வெளியே கம்பித் தடுப்புக்குள்ளோ நிற்க வைத்திருப்பார்கள். விமானம் வருவதற்கு முன்பே ஏன் வரிசையில் நிற்க வைக்கிறார்கள் என்று புதிதாக வருகிறவர்கள் எரிச்சல்படுவதுண்டு. காரணம் அதே 25 நிமிடம்தான். கடைசி ஆள் இறங்கும்போது முதல் ஆள் ஏறத் தயாராக இருக்க வேண்டும். டிசம்பரில் அந்தக் காற்றில் நிற்பது சுகமில்லை. மே மாதம் பரவாயில்லை, இருந்தாலும் அம்மாவுக்கு ஒரு சால்வையைக் கையில் கொடுங்கள்.

மற்ற சிக்கனங்கள் எல்லாம் இதைச் சுற்றித்தான். 600க்கும் மேற்பட்ட விமானங்கள், லாவ்டா என்ற துணை நிறுவனத்திடம் இருக்கும் கொஞ்சம் ஏர்பஸ்களைத் தவிர எல்லாமே போயிங் 737. எந்த பைலட்டும் எந்த விமானத்தையும் ஓட்டலாம், ஒரே உதிரிபாகம் எல்லாவற்றுக்கும் பொருந்தும். 2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகு மற்ற நிறுவனங்கள் பயந்துபோய் ஆர்டரை ரத்து செய்துகொண்டிருந்தபோது, 2002 ஜனவரியில் இவர்கள் போயிங்கிடம் 100 விமானம் கேட்டார்கள். சந்தை படுத்திருக்கும்போது வீட்டுமனை வாங்குகிற புத்தி. விமான ஊழியர்கள் இரவு தங்கள் ஊருக்கே திரும்பிவிடுவதால் ஹோட்டல் வாடகை கிடையாது. சரக்கு ஏற்றுவதில்லை. தொடர் விமானம் என்ற பேச்சே இல்லை. ஒவ்வொரு டிக்கெட்டும் ஒரு ஊரிலிருந்து இன்னொரு ஊர், அத்தோடு சரி. கடைசியில் இதற்கு மறுபடி வருகிறேன், உங்கள் விஷயத்தில் முக்கியம்.

வரலாற்றைச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். 1985இல் அயர்லாந்தின் வாட்டர்ஃபோர்டிலிருந்து லண்டன் கேட்விக்குக்கு 15 பேர் உட்காரும் ஒரு குட்டி விமானத்தோடு தொடங்கியது. உள்ளே இடம் அவ்வளவு சிறியது என்பதால் பணிப்பெண்கள் 5 அடி 2 அங்குலத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்று விதி வைத்திருந்தார்களாம். அடுத்த ஆண்டே டப்ளின்–லண்டன் தடத்தில் ஏர் லிங்கஸும் பிரிட்டிஷ் ஏர்வேஸும் 200 பவுண்டுக்கு மேல் வாங்கிய இடத்தில் அதில் பாதிக்கும் குறைவாகப் போய் வரலாம் என்றார்கள். கூட்டம் வந்தது, லாபம் வரவில்லை. 1990 வாக்கில் 2 கோடி பவுண்டு நஷ்டம். நிறுவனர் டோனி ரயனின் கணக்கு வழக்கைப் பார்த்துக்கொண்டிருந்த மைக்கேல் ஓ'லியரி, அமெரிக்காவில் டாலஸ் நகரத்தின் சவுத்வெஸ்ட் நிறுவனம் எப்படி நடக்கிறது என்று போய்ப் பார்த்து வந்தார். ஒரே ரக விமானம், வேகமாகத் திருப்பு, இலவசம் எதுவும் கொடுக்காதே என்பதெல்லாம் அங்கிருந்து வந்த பாடம். 1994இல் அவர் தலைமைக்கு வந்தார். 1997இல் ஐரோப்பிய ஒன்றியத்து விமான நிறுவனம் எதுவும் ஒன்றியத்துக்குள் எங்கும் பறக்கலாம் என்று சந்தை முழுதாகத் திறந்துகொண்டது. அப்புறம் பிடிக்க முடியவில்லை.

ஓ'லியரியின் வாயைப் பற்றி ஒரு வரி. விமானக் கழிப்பறைக்கு நாணயம் போட்டால்தான் திறக்கும் பூட்டு வைக்கலாம் என்று 2009இல் சொன்னார். உலகம் முழுக்கச் செய்தி. பூட்டு வரவே இல்லை. விளம்பரச் செலவு பூஜ்யம். இன்றைக்கும் அவர் எதையாவது சொன்னால் அதை விதியாகவும் நம்பாதீர்கள், வெறும் வேடிக்கையாகவும் தள்ளாதீர்கள்.

அடுத்தது விமான நிலையம். ‘மிலான்’ என்று போட்டிருந்தால் எந்த நிலையம் என்று பாருங்கள். பெரும்பாலும் அது பெர்காமோவாக இருக்கும், மிலானிலிருந்து 50 கிலோமீட்டர் வாக்கில். ‘பாரிஸ்’ என்பது போவே, 80 கிலோமீட்டருக்கு மேல். ‘ஃபிராங்க்ஃபர்ட் ஹான்’ ஃபிராங்க்ஃபர்ட்டிலிருந்து 120 கிலோமீட்டர், திண்டிவனத்தில் இறக்கிவிட்டு சென்னை என்று சொல்வதுபோல. சின்ன நிலையங்களில் கட்டணம் குறைவு, நெரிசல் இல்லை, 25 நிமிடத்தில் திரும்பலாம். கூட்டம் கொண்டுவருகிறோம் என்று சொல்லி அந்த ஊர்களிடமிருந்து சலுகையும் வாங்குவார்கள். பிரஸ்ஸல்ஸுக்குத் தெற்கே இருக்கும் ஷார்ல்ருவா நிலையம் கொடுத்த சலுகைகளில் ஒரு பகுதி சட்டவிரோத அரசு உதவி என்று ஐரோப்பிய ஆணையம் 2004இல் முடிவெடுத்தது. 2008இல் நீதிமன்றம் அந்த முடிவை ரத்து செய்தது. இப்போது பெரிய நிலையங்களிலும் நிறைய இறங்குகிறார்கள் என்பதால் பழைய கிண்டல் முழுதாகப் பொருந்தாது.

பெர்காமோவிலிருந்து மிலான் மத்திய ரயில் நிலையத்துக்கு பஸ் இருக்கிறது, ஒரு மணி நேரம். மூன்று பேர் போக வர என்றால் அந்த பஸ் கட்டணத்தையும் டிக்கெட் விலையோடு சேர்த்துத்தான் ஒப்பிட வேண்டும். என்னைக் கேட்டால் வந்த அன்று மிலானுக்கு ஓடாமல் பெர்காமோவிலேயே ஒரு இரவு தங்குங்கள். குன்றின் மேல் வெனிஸ்காரர்கள் கட்டிய மதில் சூழ்ந்த பழைய நகரம் இருக்கிறது. ஏறுவதற்குக் கயிற்றால் இழுக்கும் ரயில் உண்டு, அப்பாவின் முழங்காலுக்கு வேலை இல்லை.

இப்போது பை. பணம் போவது பெரும்பாலும் இங்கேதான்.

டிக்கெட்டோடு இலவசமாக வருவது ஒரே ஒரு சின்னப் பை: 40 × 30 × 20 சென்டிமீட்டர். முன் இருக்கைக்கு அடியில் போக வேண்டும். தலைக்கு மேல் உள்ள பெட்டியில் வைக்கும் 10 கிலோ உருட்டுப் பை வேண்டுமென்றால் ‘பிரயாரிட்டி’ என்று தனியாக வாங்க வேண்டும். அதன் அளவு 55 × 40 × 20. அடியில் போடும் பெரிய பெட்டிக்கு வேறு காசு. விலை தடத்துக்குத் தடம், நாளுக்கு நாள் மாறும். டிக்கெட் போடும்போதே வாங்கினால் குறைவு, பிறகு சேர்த்தால் கூடுதல், கேட்டில் மாட்டினால் மிக அதிகம், 75 யூரோ வரை போகலாம். மீறிய பையைப் பிடிக்கும் ஊழியருக்கு நிறுவனம் ஊக்கத்தொகை தருகிறது. முன்பு பைக்கு ஒன்றரை யூரோ, 2025 நவம்பரிலிருந்து இரண்டரை யூரோ. ஆக கேட்டில் நிற்கும் ஊழியரிடம் கெஞ்சிப் பயனில்லை.

பணத்தாசை மட்டும் காரணமில்லை. 189 பேரும் உருட்டுப் பெட்டியோடு ஏறினால் மேலே இடமிருக்காது, பாதையை மறித்துக்கொண்டு ஆளுக்கு ஆள் பெட்டியைத் திணிப்பார்கள், 25 நிமிடம் 40 ஆகிவிடும். ஆனால் நியாயமான அளவுள்ள கைப்பைக்குத் தனிக் காசு வாங்கக் கூடாது என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2014இலேயே, வேறொரு ஸ்பானிய மலிவு நிறுவனத்தின் வழக்கில், சொல்லியிருக்கிறது. நியாயமான அளவு எது என்பதில்தான் இழுபறி. 2024இல் ஸ்பெயின் அரசு இந்தக் கட்டணங்களுக்காக ஐந்து நிறுவனங்களுக்குச் சேர்த்து 17.9 கோடி யூரோ அபராதம் போட்டது. அதில் பெரும்பங்கு, 10 கோடிக்கு மேல், ரயன்ஏருக்கு. நிறுவனங்கள் அதை எதிர்த்து நிற்கின்றன. நீங்கள் பறக்கப்போகும் நாளில் கேட்டில் இருப்பது பையை அளக்கும் இரும்புச் சட்டகம்தான், நீதிபதி இல்லை.

அந்தச் சட்டகத்திடம் நான் ஒருமுறை மாட்டியிருக்கிறேன். வேறொரு மலிவு நிறுவனம், பெயர் வேண்டாம். கடையில் ‘கேபின் அளவு’ என்று எழுதி விற்ற பெட்டி. உடம்பு உள்ளே போய்விட்டது, சக்கரம் மட்டும் இரண்டு சென்டிமீட்டர் வெளியே நின்றது. அளவு என்றால் சக்கரம், கைப்பிடி எல்லாம் சேர்த்துத்தான் என்று அப்போதுதான் தெரிந்தது. மனைவி அங்கேயே உட்கார்ந்து பெட்டியைத் திறந்து, இரண்டு ஸ்வெட்டரையும் ஒரு ஜாக்கெட்டையும் எடுத்து ஒன்றன் மேல் ஒன்றாக மாட்டிக்கொண்டாள். பெட்டி இளைத்தது, சக்கரம் இளைக்கவில்லை. அறுபது யூரோ கட்டினேன். கட்டிவிட்டு விமானத்துக்குள் வியர்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். அதிலிருந்து சக்கரம் வைத்த பை எங்கள் வீட்டில் இந்தப் பயணங்களுக்குக் கிடையாது. பள்ளிப்பை மாதிரி மெத்தென்று அமுங்குகிற துணிப்பைதான்.

உங்களுக்கு என் யோசனை: மூன்று பேருக்கும் சின்ன முதுகுப்பை, கூடவே மூவருக்கும் சேர்த்து ஒரே ஒரு 20 கிலோ பெட்டி. அதை டிக்கெட்டோடு வாங்கிவிடுங்கள். பெட்டியைக் கொடுக்கும் கவுண்டர் புறப்படுவதற்கு 40 நிமிடம் முன் மூடும், கேட் 20 நிமிடம் முன் மூடும். ஒரு நிமிடம் தாமதம் என்றாலும் இரக்கம் கிடையாது. உணவு கொண்டு போகலாம், தடையில்லை, சூடான பானம் மட்டும் கூடாது. இட்லிக்கு எண்ணெய் குழைத்த பொடி தடவிக் கொள்ளுங்கள். சட்னி பாதுகாப்புச் சோதனையில் திரவக் கணக்கில் போய்விடும்.

செக்-இன் பற்றி. இதை விமான நிலையத்தில் போய்ச் செய்துகொள்ளலாம் என்று விட்டால் ஆளுக்கு 55 யூரோ. டிக்கெட் செலவையே ஏறக்குறைய நான்கு மடங்காக்கும் தண்டம். இருக்கைக்குக் காசு கொடுக்காதவர்களுக்குப் புறப்படுவதற்கு 24 மணி நேரம் முன் ஆன்லைன் செக்-இன் திறக்கும், இரண்டு மணி நேரம் முன் மூடும். போனில் அலாரம் வைத்துக்கொள்ளுங்கள். 2025 நவம்பர் 12 முதல் காகித போர்டிங் பாஸ் செல்லாது, செயலியில்தான் காட்ட வேண்டும். அப்பா அம்மாவிடம் ஸ்மார்ட்போன் இல்லையென்றால் கவலை வேண்டாம், ஒரே பதிவில் உள்ள மூன்று பேருடையதும் உங்கள் போனில் வரும். செக்-இன் முடித்த பிறகு போன் செத்துவிட்டால் கவுண்டரில் இலவசமாக அச்சிட்டுத் தருவார்கள். செக்-இன் செய்யாதவருக்குத்தான் தண்டம்.

இருக்கையைத் தேர்ந்தெடுக்கக் காசு கொடுக்காவிட்டால் மூன்று பேரையும் மூன்று மூலையில் உட்கார வைக்கும். இரண்டு மணி நேரப் பயணம்தானே என்று விட்டுவிடலாம். ஆனால் அம்மா முதல்முறை வெளிநாடு வருகிறார், மொழி தெரியாது என்றால், இருவருக்கும் பக்கத்துப் பக்கத்து இருக்கை வாங்குவது வீண் செலவில்லை. நீங்கள் எங்கேயாவது நடு இருக்கையில் போய் ஒடுங்கிக்கொள்ளுங்கள்.

நம் பாஸ்போர்ட்காரர்களுக்கு என்றே ஒரு வேலை இருக்கிறது, இதைத்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். ஐரோப்பியக் குடிமக்கள் அல்லாதவர்கள் பாதுகாப்புச் சோதனைக்குப் போவதற்கு முன்பே ரயன்ஏர் கவுண்டரில் பாஸ்போர்ட்டையும் விசாவையும் காட்டி ஒப்புதல் வாங்க வேண்டும். போர்டிங் பாஸில் ‘விசா செக்’ என்று குறிப்பு இருக்கும். ஜெர்மனியிலிருந்து இத்தாலி, இரண்டும் ஒரே விசா செல்லும் ஷெங்கன் நாடுகள்தானே என்று வாதம் செய்ய வேண்டாம். அந்த வாதத்தை கேட்டில் போய்ச் செய்தால், கவுண்டருக்குத் திரும்பி ஓடி, மறுபடியும் சோதனை வரிசையில் நிற்க நேரமிருக்காது. உங்கள் குடியிருப்பு அட்டையை மறக்காதீர்கள், போட்டோ எடுத்த நகல் போதாது. இன்னொன்று: அயர்லாந்தும் பிரிட்டனும் ஷெங்கனில் இல்லை. அடுத்த தடவை டப்ளினுக்கு 15 யூரோ என்று ஆசை காட்டினால் முதலில் விசாவைப் பாருங்கள்.

அப்பாவுக்கு முழங்கால் வலி என்று எழுதியிருந்தீர்கள். சக்கர நாற்காலி உதவி ஐரோப்பாவில் சட்டப்படி இலவசம். மலிவு டிக்கெட், விலையுயர்ந்த டிக்கெட் என்ற பேதம் கிடையாது. 48 மணி நேரம் முன் சொல்லிவிட வேண்டும், அவ்வளவுதான். குழாய்ப் பாலம் இல்லாத விமானம் என்பதால் படி ஏற முடியுமா, முடியாதா என்று கேட்பார்கள். முடியாது என்றால் மேலே தூக்கும் வண்டியில் ஏற்றிக் கதவு உயரத்துக்குக் கொண்டுபோவார்கள். ஊரில் சிலர் வரிசையைத் தவிர்க்கவே சக்கர நாற்காலி கேட்பார்கள். அப்பாவுக்குத் தேவை உண்மையானது, கூச்சப்படாமல் கேளுங்கள்.

விமானத்துக்குள் சேவை எப்படி என்றால், சந்தைக்குள் உட்கார்ந்திருப்பது போல இருக்கும். மஞ்சளும் நீலமுமாகக் கண்ணைக் குத்தும் நிறம். சாப்பாட்டு வண்டி வரும், அப்புறம் வாசனைத் திரவிய வண்டி, அப்புறம் சுரண்டல் லாட்டரிச் சீட்டு. ஆம், ஆகாயத்தில் லாட்டரிச் சீட்டு. சிரித்து, ‘வேண்டாம்’ என்றால் போய்விடுவார்கள். வற்புறுத்தல் கிடையாது. ஊழியர்கள் இளம் பிள்ளைகள், பல நாட்டுக்காரர்கள், சம்பளத்தோடு விற்பனையில் கமிஷனும் வாங்குகிறவர்கள். அவர்கள் அயர்லாந்து நீதிமன்றத்தில்தான் வழக்குப் போட வேண்டும் என்று நிறுவனம் பிடிவாதம் பிடித்தது. 2017இல் ஐரோப்பிய நீதிமன்றம், தினமும் வேலையைத் தொடங்கி முடிக்கும் ஊரின் நீதிமன்றத்தையே அணுகலாம் என்று வழிவிட்டது. அதே ஆண்டு செப்டம்பரில் பைலட்டுகளின் விடுமுறைக் கணக்கில் குளறுபடியாகி ஆயிரக்கணக்கான விமானங்கள் ரத்தாயின. தொழிற்சங்கமே வேண்டாம் என்று முப்பது வருடம் நின்ற நிறுவனம், அந்த டிசம்பரில் முதல்முறையாகச் சங்கங்களை அங்கீகரித்தது. மலிவு டிக்கெட்டின் ஒரு பகுதிச் செலவை அந்தப் பிள்ளைகள்தான் சுமந்து வந்தார்கள் என்பது என் கருத்து.

பாதுகாப்பு பற்றி ஊரில் கட்டாயம் கேட்பார்கள். நாற்பது வருடத்தில் விபத்தில் ஒரு பயணியைக்கூட ரயன்ஏர் இழந்ததில்லை. 2008 நவம்பரில் ரோமின் சம்பினோ நிலையத்தில் இறங்கும்போது பறவைக் கூட்டம் மோதி ஒரு விமானம் உபயோகமற்றுப் போனது, சிலருக்குச் சிறு காயம். சிக்கனம் இருக்கைப் பையிலும் சாண்ட்விச்சிலும்தான், பராமரிப்புக்கு மற்றவர்களுக்கு இருக்கும் அதே ஐரோப்பிய விதிதான் இவர்களுக்கும்.

தாமதமானால், ரத்தானால்? இங்கே சட்டம் உங்கள் பக்கம் வலுவாக இருக்கிறது. ‘261’ என்று எல்லோரும் சொல்லும் 2004ஆம் ஆண்டு ஐரோப்பிய விதி. நிறுவனத்தின் தவறால் மூன்று மணி நேரமோ அதற்கு மேலோ தாமதமாகப் போய்ச் சேர்ந்தால், 1500 கிலோமீட்டர் வரை ஆளுக்கு 250 யூரோ, அதற்கு மேல் 3500 வரை 400 யூரோ. நீங்கள் 19 யூரோ கொடுத்திருந்தாலும் 250தான். கடைசி நேரத்தில் ரத்து செய்தாலும் அப்படியே. 14 நாளுக்கு முன்பே சொல்லிவிட்டால் நஷ்டஈடு இல்லை, பணத்தைத் திரும்பப் பெறலாம் அல்லது வேறு விமானத்தில் போகலாம். புயல், விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர் வேலைநிறுத்தம் போன்றவற்றுக்கு நஷ்டஈடு கிடையாது. நிறுவனத்தின் சொந்த ஊழியர்கள் சம்பளத்துக்காக வேலைநிறுத்தம் செய்தால் உண்டு.

ஆனால் காரணம் எதுவானாலும் சாப்பாடும் இரவு தங்குமிடமும் அவர்கள் தந்தாக வேண்டும். 2010 ஏப்ரலில் ஐஸ்லாந்து எரிமலை சாம்பல் கக்கி ஐரோப்பிய வானத்தையே மூடியபோது, போர்ச்சுகலின் ஃபாரோவில் ஒரு வாரம் மாட்டிக்கொண்ட பயணி ஒருவர் ஹோட்டல், சாப்பாட்டுச் செலவாக 1,100 யூரோ சொச்சம் கேட்டு ரயன்ஏர் மேல் வழக்குப் போட்டார். எரிமலைக்கு நாங்கள் பொறுப்பா என்றது நிறுவனம். 2013இல் ஐரோப்பிய நீதிமன்றம், இயற்கைச் சீற்றமானாலும் பராமரிக்கும் கடமைக்குக் காலவரம்போ பண வரம்போ இல்லை என்று தீர்ப்புச் சொன்னது. அதனால் மாட்டிக்கொண்டால் முதலில் ரசீது சேருங்கள். நியாயமான ஹோட்டல், நியாயமான சாப்பாடு. பிறகு நிறுவனத்தின் இணையப் படிவத்திலேயே நேரடியாகக் கேளுங்கள். உங்களுக்காகக் கேட்டுத் தருகிறோம் என்று வரும் இடைத்தரகர்கள் நல்ல பங்கை எடுத்துக்கொள்வார்கள். இந்த விதியைத் தளர்த்த வேண்டும் என்று நிறுவனங்கள் பல வருடமாக மல்லுக்கு நிற்கின்றன, போகும் நேரத்தில் நடப்பு விதியை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

டிக்கெட்டையும் இடைத்தரகர் தளத்தில் போடாமல் ரயன்ஏர் தளத்திலேயே போடுங்கள். தரகர் போலி மின்னஞ்சல் கொடுத்திருந்தால் விமான ரத்துச் செய்தி உங்களுக்கு வராது, செக்-இன் செய்யும்போது அடையாளச் சோதனை வேறு கேட்பார்கள்.

எந்த நேர விமானம் என்று கேட்டால், விடிகாலை முதல் விமானம். அது இரவே வந்து தூங்கியிருக்கும், தாமதிக்கக் காரணம் குறைவு. 25 நிமிடக் கெடுவில் நடப்பதால் காலையில் எங்கேயோ மூடுபனியில் 20 நிமிடம் தவறினால், அதை ஈடுகட்ட இடைவெளியே கிடையாது. மாலைக்குள் அது வளர்ந்து ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். இரவு கடைசி விமானம் ரத்தானால் அன்றைக்கு மாற்று விமானமும் இருக்காது.

தொடர் விமானம் கிடையாது என்று முதலில் சொன்னதற்கு வருகிறேன். மிலானிலிருந்து திரும்பிய மறுநாளே அப்பா அம்மாவுக்குச் சென்னை விமானம் என்று திட்டம் வைத்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அதை மாற்றுங்கள். இவர்கள் தாமதித்து, அதனால் சென்னை விமானம் தவறினால் இரண்டு நிறுவனமும் பொறுப்பேற்காது. ஒன்றுக்கொன்று தெரியாத இரண்டு தனி டிக்கெட் அவை. நடுவில் இரண்டு நாளாவது விடுங்கள். எப்படியும் சொந்தக்காரர்களுக்குச் சாக்லேட் வாங்க அம்மாவுக்கு ஒரு நாள் வேண்டும், வாங்கியதைப் பெட்டியில் அடுக்க இன்னொரு நாள் வேண்டும்.